பாதிச் சூரியன் வீட்டு லைன் கிளியர்

கடலூர் முதுநகரில் கப்பல்காரத் தெருவைப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். வளைந்து திரும்பும் பால்கனி, கப்பலில் இருப்பதுபோல வட்ட சன்னல், படிப்படியாக ஏறி இறங்கும் மாடிக் கைப்பிடிச் சுவர், சிமென்டில் உதிக்கும் சூரியன். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்வந்தவர்கள் அந்தக் காலத்துச் சினிமா கொட்டகை மாதிரி வீடு கட்டிக்கொண்ட தெரு அது. நான் அதைக் கீழே நின்று பார்த்தவன் இல்லை. எட்டு வருஷம் ஏணியில் நின்று, பக்கவாட்டில் பார்த்தவன். எந்தச் சூரியனின் பின்னால் காக்காய் கூடு கட்டியிருக்கிறது, எந்த வட்ட சன்னலில் யார் கண்ணாடிக்குப் பதிலாக அட்டை ஒட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஏனென்றால் அந்தத் தெருவில் மின்கம்பம் கிடையாது. இரண்டு மாட்டு வண்டி ஒன்றையொன்று தாண்டிப் போகமுடியாத அகலம், கம்பத்தை எங்கே நடுவது? வீடும் கரண்டும் அந்தத் தெருவுக்கு ஏறக்குறைய ஒன்றாக வந்தவை. அதனால் கட்டும்போதே முகப்பில், பால்கனிக்குப் பக்கத்தில், இரும்பு பிராக்கெட் வைத்துக் கட்டிவிட்டார்கள். கரண்டு வீட்டுக்கு வீடு தோளில் கை போட்டுக்கொண்டு போவதுபோல, பிராக்கெட்டுக்கு பிராக்கெட் தாவித் தெருமுனைவரை போகும். ஒரு வீட்டுக்காரர் வெள்ளையடித்தால்கூட எங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இந்த ஜூனில் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். "புயல் நேரத்துல நடந்ததை எழுதிக் குடுங்கண்ணே, சங்க மலருல போடறோம்" என்று இப்போது வேலையில் இருக்கும் தோழர்கள் கேட்டார்கள். புயலைப்பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு வீட்டைப்பற்றி எழுதுகிறேன்.

என் பெயர் ராமலிங்கம். வடலூர்க்காரன் என்று சொன்னால் பெயர்க் காரணத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஐ.டி.ஐ.கூடப் படிக்கவில்லை. சிதம்பரத்தில் ஒப்பந்தக் கூலியாகக் குழி வெட்டப் போனேன், ஹெல்பர் ஆனேன், வயர்மேன் ஆனேன். வேலையைப் பார்த்துக் கற்றேன், படிப்பைப் பழைய பேப்பர் கடையில் கற்றேன். இதற்குமேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு ஆளைத் தவிர.

அவர் ஃபோர்மேன் கலியபெருமாள். சிதம்பரத்தில் தேர் ஓடும் நாளில் நாலு வீதியிலும் குறுக்கே போகும் வயரையெல்லாம் தேர் வருவதற்கு முன்னால் அவிழ்த்து, தேர் போனதும் திரும்பக் கட்டவேண்டும். முன்னால் நாங்கள் ஏணியோடு ஓட, பின்னால் தேர் வரும். கலியபெருமாள் அண்ணன் எங்களுக்கு முன்னால் போய் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கித் தன் காக்கிப் பையில் போட்டுக்கொள்வார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், நடந்தால் பைக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும். யாராவது வயரைத் தொடத் தயங்கினால் பையைத் தட்டிக் காட்டுவார். "கரண்டு இங்க தூங்குதுடா. இதை மீறி வேற எங்கேர்ந்து வரும்? தில்லைக் காட்டுலேர்ந்தா வரும்?" அந்தப் பையின் கடகட சத்தத்தை நம்பி இருபத்தைந்து வருஷம் வயரைத் தொட்டேன். ஒரு நாளும் அது பொய்யாகவில்லை.

2004இல் லைன் இன்ஸ்பெக்டராகக் கடலூர் முதுநகருக்கு மாற்றலாகி வந்தேன். வந்த புதிதில் கப்பல்காரத் தெருவில் நான் பார்த்த முதல் வேலை ஒரு பாகப்பிரிவினை.

தெருக்கோடியில் கடைசிக்கு முந்தின வீடு. அண்ணன் தனபால், ஹார்டுவேர் கடைக்காரர். தம்பி ஜெயபால், பள்ளிக்கூட வாத்தியார். அப்பா காலமானபின் என்ன நடந்ததோ, இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. வீட்டை நட்டநடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். அது இரண்டு கையையும் விரித்ததுபோல இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கட்டிய வீடு, அதனால் பிரிப்பதில் சங்கடம் இல்லை. இந்தப் பக்கம் ஒரு பால்கனி, அந்தப் பக்கம் ஒரு பால்கனி. உச்சியில் இருந்த சூரியன்தான் மாட்டிக்கொண்டது. அண்ணன் தன் பாதிக்கு மஞ்சள் அடித்தார். தம்பி தன் பாதியை வெள்ளையாகவே விட்டார். அதற்குக் கீழே கட்டிய வருஷம் சிமென்டில் இருந்தது. "பத்தொம்போது அண்ணனுக்கு, முப்பத்தெட்டு தம்பிக்கு" என்று தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டு விசாலம் அம்மாள் சொன்னதை நான் அன்றைக்கே மீட்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தேன்: "ரெண்டு பேருக்கும் கோவம் வந்தா ஒரே மாதிரி மூக்கு செவக்கும். அதைப் பிரிக்க எந்தக் கொத்தனாரு வருவான்?"

தம்பி பக்கத்துக்குத் தனி மீட்டர் கேட்டு மனு வந்தது. தனி மீட்டர் கொடுக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்து வயரிங்கும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்கவேண்டும். சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை என்னுடையது. அண்ணன் பக்கம் கரண்டை வைத்துக்கொண்டு, தம்பி பக்கம் ஒவ்வொரு பாயின்டிலும் டெஸ்ட் லேம்ப் பிடித்துப் பார்த்தேன். எதிலும் எரியவில்லை. தனித்தனி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது துறைமுகத்துப் பக்கத்துச் சனங்கள் இந்தத் தெருவின் மாடிகளில்தான் வந்து தங்கினார்கள். அண்ணன் வீட்டிலும் அடுப்பு மூட்டினார்கள், தம்பி வீட்டிலும் மூட்டினார்கள். ஒரே சூரியனின் இரண்டு பாதிக்குக் கீழே இரண்டு அண்டாவில் ஒரே உப்புமா. அப்போதும் பேச்சு இல்லை.

இனி எங்கள் மேடத்தைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். உதவிப் பொறியாளர் மங்கையர்க்கரசி. காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் விவசாயி மகள், டவுன் பஸ்ஸில் சிதம்பரம் வந்து படித்தவர். வயதில் என் மகளைவிட நாலு வருஷம்தான் மூத்தவர். வந்த முதல் மாதம் "இந்தப் பொண்ணு நம்ம கம்பத்துக்கெல்லாம் நிக்குமா?" என்று வயர்மேன் அந்தோணிசாமி என்னிடம் கேட்டான். அந்தோணி என் கூட்டாளி, என்னைவிட இரண்டு வயது இளையவன், எனக்கு மச்சான். உறவால் இல்லை, ஏணியால்.

மேடத்தின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு பழக்கம். "ஆச்சா?" என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் "ஆச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும், கைக்குத் தெரியாது என்பார். லைன் கிளியர் கொடுக்கும்போது இதைப் பார்க்கவேண்டும். லைன் கிளியர் என்றால், இந்த லைனில் கரண்டை நிறுத்தியாகிவிட்டது, இன்னார் பேரில் இது கொடுக்கப்படுகிறது, அவர் திருப்பித் தரும்வரை யாரும் கரண்டு விடக்கூடாது என்கிற உறுதி. நாங்கள் எல்.சி. என்போம். மற்ற இடங்களில் "எல்.சி. குடுத்தாச்சு", "சரிங்க" என்று முடிந்துவிடும். மேடம் போனில் எந்த லைன், எந்த நேரம், யார் பேர் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். பிறகு, "சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்பார். ஒரு வார்த்தை மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. முடிந்தபின், தப்பித்தவறிக் கரண்டு வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடைப்பற்றிக் கேட்பார். "ராடு போட்டாச்சா" என்று இல்லை, "ராடு எங்க இருக்குது?" என்று. இடம் சொல்ல வேண்டும். இல்லாத ராடுக்கு இடம் சொல்வது, பொய் சொல்லிப் பழகியவனுக்கும் கஷ்டம்.

"மெட்ரிக் பரீட்சை மாதிரி இருக்குது மச்சான்" என்பான் அந்தோணி. நானும் சிரித்திருக்கிறேன். என் பையில் கேரியர் கடகடக்கும்போது எனக்கு எதற்கு ராடு என்கிற எண்ணம் உள்ளே இருந்தது. மறைக்கவில்லை.

2011 கடைசியில் தானே புயல். அதைப்பற்றி அதிகம் சொல்லவில்லை. கடலூரில் நின்ற கம்பங்களைவிடப் படுத்த கம்பங்கள் ஜாஸ்தி. மற்ற மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பள்ளிக்கூடங்களில் படுத்தோம், லாரியில் சாப்பாடு வந்தது. பெரிய லைன்களை முடித்துத் தெருக்களுக்குள் நுழைய நாள் ஆயிற்று. அதற்குள் கையில் வசதி உள்ளவர்கள் ஜெனரேட்டர் பிடித்துவிட்டார்கள். தெருவுக்கு ஏழெட்டு டுபுடுபு.

பதின்மூன்றாம் நாள் காலையில் கப்பல்காரத் தெருவுக்கு வந்தோம். விசாலம் அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கப்பா. உங்க கரண்டு எங்க மருமகனாட்டம் இருக்குது. நாளைக்கி வர்றேன், நாளைக்கி வர்றேன்னு சேதி மட்டும் வருது."

"இன்னிக்கி மருமகனைக் கையோட புடிச்சிகிட்டு வந்துருக்கோம் பெரியம்மா. காப்பி போட்டு வெய்யுங்க" என்றான் அந்தோணி.

தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கிப் பையில் போட்டேன். மேடத்திடம் போனில் எல்.சி. வாங்கித் திருப்பிச் சொன்னேன். டிரான்ஸ்பார்மரை அடுத்த முதல் பிராக்கெட்டில் ஒரு ராடு மாட்டினேன். தெருக்கோடிக்கு இரண்டு வீடு முன்னால் வயர் அறுந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டே கட்டடம்: பாதிச் சூரியன் வீடு, அதையடுத்துப் பூட்டிக்கிடந்த மூலை வீடு. முதல் நாள் வந்தவர்கள் தொங்கின முனையைச் சுருட்டி பிராக்கெட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த முனையைப் பிரித்து இந்த முனையோடு சேர்க்கவேண்டும், அவ்வளவுதான் வேலை.

முறைப்படி வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ராடு வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு வீட்டு நீளத்துக்குச் செத்த வயர். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கேரியரோ என் பையில். இரண்டாவது ராடு வண்டியிலேயே கிடந்தது.

அந்தோணி ஏணியில் ஏறினான். மணி பதினொன்று இருக்கும். எங்கோ இன்னொரு ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. ஏழெட்டு டுபுடுபுவோடு அதுவும் சேர்ந்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தோணி கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு சுருட்டின முனைக்குக் கையை நீட்டும்போது என் போன் அடித்தது.

"லைன் இன்ஸ்பெக்டர் ஐயா, வேலை எது வரைக்கும் வந்துருக்குது?"

"ஆள் ஏறியாச்சு மேடம்."

"ராடு ரெண்டும் எங்கெங்க இருக்குது?"

"ஒண்ணு மொத பிராக்கெட்டுல மேடம்."

"இன்னொண்ணு?"

வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். "மேடம், அந்தப் பக்கம் அறுந்த லைன். கரண்டு வர வழியே இல்ல."

"வழி இல்லன்னு எனக்கும் தெரியுதுங்க. ராடு எங்க இருக்குது?"

அப்படியே மறுபடியும் கேட்டார். கோபம் இல்லை, அவசரம் இல்லை. நான் அண்ணாந்து, "அந்தோணி, கையை எடு. தொடாத. எறங்கு" என்றேன்.

"இப்ப என்னாத்துக்கு?"

"எறங்குடா."

முணுமுணுத்துக்கொண்டு இறங்கினான். வண்டியிலிருந்து ராடை எடுத்து, சங்கிலி முனையைத் தரையில் இறங்கும் குழாயில் இறுக்கி, மூங்கிலை அவனிடம் கொடுத்தேன். ஏணியில் பாதி ஏறி, மூங்கிலை நீட்டி, கொக்கியை அந்தச் செத்த வயரில் மாட்டினான்.

'டப்' என்று நீலமாக ஒரு வெட்டு. சிமென்டுச் சூரியனின் மஞ்சள் பாதி ஒரு கணம் வெள்ளையாயிற்று. அதோடு ஒரு ஜெனரேட்டரின் சத்தம், தொண்டையைப் பிடித்ததுபோல நின்றது.

அந்தோணி ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மேலேயிருந்து மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், நீ சொன்ன அறுந்த லைன் இதானே?"

ஒரு போன் அரை நிமிஷம் தாமதித்திருந்தால் அவன் பிள்ளைகளிடம் நான் பதில் சொல்லவேண்டியிருந்திருக்கும். என் பையில் கேரியர்கள் இருந்தன. கரண்டு வேறு எங்கிருந்தோ வந்துவிட்டது.

போனைக் காதில் வைத்தேன். மேடம் இன்னும் லைனில்தான் இருந்தார். சொன்னேன். "ஆளுங்க எங்க இருக்காங்க?" என்றார். அந்தோணியைக் கைகாட்டிக் கீழே இறக்கினேன். "எல்லாரும் கீழ இருக்காங்க மேடம்." "எந்த வீடுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்தத் தெருவுல யாரும் ஏறக்கூடாது. நான் வர்றேன்."

கண்டுபிடிக்காவிட்டால் தெரு முழுக்க அப்படியே கிடக்கும். ஆனால் எனக்கு ஒரு பிடி இருந்தது. நின்றுபோன அந்தச் சத்தம். ஏழெட்டில் எது நின்றது என்று யோசிப்பதற்குள் தனபால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னா பண்ணீங்க? எங்க ஜெனரேட்டர் நின்னு பூட்டுது!"

"மெயினை எறக்காம ஓட்டுனீங்களா?"

அவருக்கு மூக்கு சிவந்தது. "நாப்பது வருஷமா ஹார்டுவேர் கடை. மெயின் சுவிட்சை நானே ஆயிரம் வித்திருப்பேன். மெயினை எறக்காம ஓட்டற ஆளா நான்? உள்ள வந்து பாருங்க."

பார்த்தேன். மெயின் இறங்கித்தான் இருந்தது. அவர் வீட்டுக் கரண்டு அவர் வீட்டை விட்டு வெளியே போக வழி இல்லை. பிறகு தெருவுக்கு எப்படி வந்தது?

ராடைக் கழற்றி, அந்தோணியைத் தெருவில் காவலுக்கு நிறுத்தி, தனபாலை மறுபடியும் ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன். டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனேன். ஜெயபாலின் மெயின் ஏறியே இருந்தது. தெருவிலிருந்து கரண்டு உள்ளே வரும் முனையில் லேம்பைப் பிடித்தேன். தெருவில் கரண்டு இல்லாத நாளில் அது பளிச்சென்று எரிந்தது. வாய்க்கால் தண்ணீர் திரும்பி ஏரிக்கே போவதுபோல, இந்த வீட்டிலிருந்து கரண்டு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜெயபால் ஹாலில் நாற்காலியில் இருந்தார். மூக்கில் மாஸ்க், மேசையில் மருந்தை ஆவியாக்கும் வீசிங் மிஷின். என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கழற்றினார்.

"சார், உங்க வீட்டுக்குக் கரண்டு எங்கேர்ந்து வருது?"

அவர், பக்கத்தில் நின்ற தன் மனைவி கஸ்தூரியைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார்.

"தானா வரும். இந்த மிஷினை மட்டும் போட்டுக்குவோம். பதினோரு மணிக்கி ஒரு தரம், சாயங்காலம் அஞ்சு மணிக்கி ஒரு தரம். அரை மணி நேரம்."

"யாரு குடுக்கறாங்க?"

"தெரியாது."

"கேக்கலியா சார்?"

வாத்தியார் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கேக்கற அளவுக்குப் பேச்சு இல்லீங்களே."

திரும்ப அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியின் கீழே, பழைய மர அலமாரிக்குப் பின்னால், கட்டின காலத்துப் பித்தளை சுவிட்சு ஒன்று. அதிலிருந்து மரப்பட்டைக்குள் ஓடிய வயர் புதுச் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போயிருந்தது. பிரிக்கும்போது கொத்தனார் வயரைப் பார்க்காமல் அதன்மேலேயே சுவர் எழுப்பியிருக்கிறார். 2004இல் நான் சோதித்த அன்று அந்தச் சுவிட்சு அணைந்திருந்தது, அதனால் அந்தப் பக்கம் லேம்ப் எரியவில்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்திருக்கவேண்டும். நகர்த்தவில்லை.

"இது என்னா சுவிட்சுங்க?"

"அது... படிக்கட்டு வெளக்கு" என்றார் தனபால்.

"படிக்கட்டுல பல்பே இல்லீங்களே."

அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்கட்டில் அவர் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. தனபாலே சொன்னார்.

"தினமும் காலைல அந்த மிஷினு சத்தம் செவுத்துல கேக்கும். அத வெச்சிதான் நான் மணி பாப்பேன். புயலுக்கு அப்புறம் மிஷினு சத்தம் இல்ல. இருமல் சத்தம்தான் கேட்டுது. ரெண்டு நாளு கேட்டேன். அப்புறம் முடியல."

நாற்பது வருஷம் மெயின் சுவிட்சு விற்ற மனிதர். தன் மெயினை ஒழுங்காக இறக்கினார். தம்பியும் தன் மெயினை இறக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் "மெயினை எறக்குடா" என்று சொல்ல வேண்டுமானால் பேசியாக வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லமுடியாமல் சுவருக்குள் கரண்டை அனுப்பினார். தம்பி அதை வாங்கிக்கொண்டு யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. நடுவில் அந்தோணி ஏணியில் நின்றான்.

மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தனியாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது ராடை வண்டியில் விட்டதையும், 2004 கையெழுத்தையும் சேர்த்துத்தான். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. வயரை நறுக்கிப் போட்டுவிட்டு வாயை மூடியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சொன்னதற்காக நான் பெருமைப்படவில்லை. ஆனால் மேடத்தின் எதிரில் நிற்கும்போது "எங்க?" என்று கேட்டுவிடுவார் என்று தோன்றும். இல்லாத ராடுக்கு இடம் சொல்ல எனக்கு வராது.

"எழுதிக் குடுங்க ஐயா" என்றார். எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கையோடு முடிந்தது. என் சர்வீஸ் புத்தகத்தில் அந்த ஒரு வரி இருக்கிறது, இருக்கட்டும்.

பிறகு மேடம் அண்ணன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தார். தனபால் முந்திக்கொண்டார். "அந்த வயரை இப்பவே வெட்டிடுங்க மேடம்."

"வெட்டுனா அஞ்சு மணிக்கி அவுருக்கு மிஷினு?"

தனபால் தூக்கிக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். மேடமே தொடர்ந்தார்.

"நாங்க ஒரு லைனுக்குக் கரண்டு விடறதுன்னா, அந்தக் கடைசியில இருக்கற ஆளுகிட்ட கேட்டுட்டுத்தான் விடுவோம். நீங்க யாருகிட்ட கேட்டுட்டு ஜெனரேட்டர் போடறீங்க?"

"யாருகிட்ட கேக்கணும்?"

மேடம் சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பத்து நிமிஷத்தில் அந்தத் தெருவே காணாததைக் கண்டது. ஜெயபால் தன் மெயினை இறக்கி, தன் வீட்டு ஃபியூஸ் கேரியர் இரண்டையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நின்றார். மேடத்தின் நிபந்தனை அது. கேரியர் அண்ணன் கையில் இருக்கும்வரை தம்பி வீட்டுக் கரண்டு தெருவுக்குப் போகமுடியாது. கரண்டு வந்தபின் ஒரு மாதத்துக்குள் தெருக் கரண்டு, ஜெனரேட்டர் கரண்டு இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கும் ஒழுங்கான சேஞ்ச் ஓவர் சுவிட்சு வைக்கவேண்டும், அதுவரை ஒவ்வொரு தடவையும் கேட்டு, பதில் வந்தபின்தான் ஜெனரேட்டர்.

ஜெயபால் கேரியர்களை நீட்டினார். தனபால் வாங்கினார். வாங்கும்போது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"நேரம் சொல்லிக் குடுங்க சார்" என்றார் மேடம்.

"மணி பன்னண்டே கால்" என்றார் வாத்தியார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஜெயபால் வீட்டு கேரியர் ரெண்டும்... அண்ணன்கிட்ட குடுத்தாச்சு."

"சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றார் மேடம் தனபாலிடம்.

தனபாலின் மூக்கு சிவந்தது. இந்தத் தடவை கோபத்தில் இல்லை. "பன்னண்டே கால். கேரியர் ரெண்டும்..." என்றவர், "எங்கிட்ட இருக்குது" என்று முடித்தார்.

விசாலம் அம்மாள் எதிர்வாசலிலிருந்து கத்தினார். "அட, பேசிட்டானுங்கடி!"

அறுந்த முனையை அன்று மாலைக்குள் சேர்த்தோம். இரண்டு பக்கமும் ராடு இருந்தது. இடத்தைக் கேட்காமலே சொன்னேன். மேலே ஏறியது நான். அந்தோணியைக் கீழே நிற்கச் சொன்னேன். "வயசான காலத்துல ஏன் மச்சான் ஏறற?" என்று கேட்டான். "உங்கிட்டப் பட்ட கடனு" என்றேன். காபி இரண்டு டம்ளரும் அவனே குடித்தான்.

தெருவுக்குக் கரண்டு வந்தது. அதன்பின் 2012 முழுக்க மின்வெட்டு எப்படி இருந்தது என்று இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, திட்டு வாங்கினவர்கள் நாம்தான். ஊரெல்லாம் திட்டியது. ஓய்வு பெற்றபின் ஒரு நாள் விசாலம் அம்மாளைப் பார்க்கப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போயிற்று. எதிர்வீட்டு மஞ்சள் பால்கனியில் தனபால் வந்து நின்றார்.

"ஜெயபாலு! சுவிட்சைத் திருப்பிட்டியா?"

வெள்ளைப் பால்கனியிலிருந்து பதில் வந்தது. "திருப்பிட்டேண்ணே. போடு."

"சொன்னதைத் திருப்பிச் சொல்லு!"

"சேஞ்ச் ஓவர் ஜெனரேட்டர் பக்கம் திருப்பியாச்சு. மிஷினுக்கு மருந்து ஊத்தியாச்சு. டீ ஆறிப்போவுது, நீ சீக்கிரம் போட்டுட்டு இங்க வா."

"ஒரு நாளைக்கி அஞ்சு தரம் இதே கூத்துதான்" என்றார் விசாலம் அம்மாள். "அப்ப ஊமையா இருந்தானுங்க, இப்ப காது வலிக்குது."

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. தொழில் தெரிந்த உங்களுக்குப் புரிந்திருக்கும். சேஞ்ச் ஓவர் வைத்தபிறகு கேட்கவேண்டிய அவசியமே இல்லை. கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் ஜெனரேட்டர் கரண்டு தெருவுக்குப் போகாது. கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். அந்த சுவிட்சை அவர்கள் வீட்டில் நின்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான், இந்தத் தடவை அலமாரியை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான். இதை அன்றைக்கே இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கவேண்டும்.

சொல்லவில்லை. நம் சங்க மலர் கப்பல்காரத் தெருவுக்குப் போவதில்லை என்கிற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.